காட்டுப்பள்ளிக் கரையில் அச்சத்தின் வரலாறு

எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே, கிழக்கில் வங்கக் கடலும் மேற்கில் கொசஸ்தலையாற்றின் உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயும் சூழக் கிடக்கும் நீண்ட மணல் திட்டு காட்டுப்பள்ளி. காவிரிக் கரையிலுள்ள திருக்காட்டுப்பள்ளி வேறு, இது வேறு. கரையோடு வடக்கே போனால் பழவேற்காடு ஏரியின் முகத்துவாரம் வரும். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்கோடி தமிழ்நாட்டிலும் இருக்கிறது. இந்தக் கரையின் குப்பங்களில் குடியிருப்பவர் கடலுக்கு முதுகைக் காட்டி ஓடினாலும் எதிரே தண்ணீர்தான் நிற்கும். இங்கே உயிரச்சம் தொழிலோடு சேர்ந்தே பிறந்தது.

திடீர் ஆபத்தின்போது மனித உடலுக்குள் நடப்பது எந்த ஊரிலும் ஒன்றுதான். எந்த ஆபத்து, எத்தனை முறை, எவ்வளவு நேரம் நீடித்தது, அது தணிய ஊர் என்ன வழி வைத்திருந்தது என்பவை ஊருக்கு ஊர் மாறும். அந்த வகையில் அச்சத்துக்கும் உள்ளூர் வரலாறு உண்டு.

உடலியல் நூல்கள் எழுதப்படுவதற்கு வெகுகாலம் முன்பே தமிழ்ப் பேச்சு அச்சத்தை உறுப்பு உறுப்பாகப் பிரித்து வைத்திருந்தது. வயிற்றில் புளியைக் கரைத்தது, நாக்கு வறண்டது, நெஞ்சு படபடத்தது, கை கால் வெலவெலத்தது, மயிர்க்கூச்செறிந்தது, உள்ளங்கை வேர்த்தது, கண் அகல விரிந்தது. இவற்றில் ஒன்றுகூட வெறும் அலங்காரம் கிடையாது. ஒவ்வொன்றும் ஒரே நரம்பு மண்டலத்தின் வேலை என்பதைக் காட்ட அறிவியலுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டு தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

முகத்துவாரத்தைக் கடக்கும் படகு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஏரித் தண்ணீரும் கடலலையும் மோதும் அந்த இடத்தில் மணல் மேடு அடிக்கடி இடம் மாறும். அலை எதிர்பாராத இடத்தில் உடையும். படகு சாயத் தொடங்கிய கணத்தில், மூளையின் உட்புறத்தில் பாதாம் பருப்பின் வடிவிலுள்ள அமிக்டலா என்னும் பகுதி, 'ஆபத்து' என்று அறிவு சொல்லி முடிப்பதற்குள் ஹைப்போதலாமஸை எழுப்பிவிடுகிறது. அங்கிருந்து தண்டுவடம் வழியாகப் பரிவு நரம்புகளுக்குக் கட்டளை இறங்குகிறது. நரம்பு முனைகளில் நார்அட்ரினலின் சுரக்கிறது. சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளின் உட்பகுதி அட்ரினலினை நேரே ரத்தத்தில் கொட்டுகிறது. இவையெல்லாம் சில நொடிகளுக்குள் நடந்து முடிகின்றன.

அதன்பின் உடல் தன் சொத்தை மறுபங்கீடு செய்கிறது. இதயம் வேகமாகவும் வலுவாகவும் அடிக்கிறது. மூச்சுக்குழல்கள் விரிகின்றன. கல்லீரல் சேமித்து வைத்த சர்க்கரையை அவிழ்த்துவிடுகிறது. குடலுக்கும் தோலுக்கும் போகும் ரத்தம் குறைந்து தொடைக்கும் தோளுக்கும் திருப்பப்படுகிறது. முகம் வெளிறுவதும் வயிறு பிசைவதும் அதனால்தான். உமிழ்நீர் குறைந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது. கண்மணி விரிகிறது. ரத்தம் உறையும் தன்மைகூடச் சற்றுக் கூடுகிறது. காயம்பட்டால் ரத்தம் வீணாகக் கூடாது என்ற முன்னேற்பாடு அது. சாதாரண நேரத்தைவிட அந்த நிமிடத்தில் ஒருவர் கயிற்றை வலுவாக இழுப்பதற்கும் இந்த மறுபங்கீடு உதவுகிறது.

இந்த அறிவு பல நாடுகளில் துண்டு துண்டாகக் கிடைத்தது. 1894-இல் லண்டனில் ஜார்ஜ் ஆலிவரும் எட்வர்ட் ஷேஃபரும் அட்ரினல் சாற்றை விலங்குகளுக்குச் செலுத்தி ரத்த அழுத்தம் பாய்ந்து ஏறுவதைக் கண்டார்கள். அந்தச் சாற்றிலிருந்து அட்ரினலினைப் படிகமாகப் பிரித்தெடுத்ததை ஜப்பானியரான ஜோகிச்சி தகாமினே 1901-இல் அறிவித்தார். புளி கரைவதன் காரணம் ஒரு பூனையிடமிருந்து வந்தது. ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்த வால்டர் கேனன், அப்போது புதிதாக வந்திருந்த எக்ஸ் கதிரைக் கொண்டு 1897 வாக்கில் பூனைகளின் இரைப்பை அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டவுடன் இரைப்பை அப்படியே நின்றுபோனது. குரைக்கும் நாயின் முன் நிறுத்திய பூனையின் ரத்தத்தில் அட்ரினல் சுரப்பு கூடுவதை அவரது குழு 1911-இல் காட்டியது. 'எதிர்த்து நில் அல்லது ஓடு' என்ற விளக்கத்தை அவர் 1915-இல் நூலாக்கினார். அந்த நூலில் இந்தியாவும் வருகிறது: சந்தேகத்துக்குரியவர்களிடம் அரிசியைக் கொடுத்து மெல்லச் சொல்லித் துப்பவைத்து, உலர்ந்த அரிசியைத் துப்பியவனைக் குற்றவாளியாகக் கொள்ளும் பழைய சோதனையைக் கேனன் எடுத்துக்காட்டுகிறார். அச்சத்தில் உமிழ்நீர் வற்றும் என்ற உண்மை அதற்குள் இருக்கிறது. அஞ்சுபவரெல்லாம் குற்றவாளிகள் என்ற தவறும் அதற்குள்தான் இருக்கிறது.

அட்ரினலின் ரத்தத்தில் தங்குவது சில நிமிடங்களே. ஆபத்து அதற்கு மேல் நீண்டால் இரண்டாவது வரிசை இறங்குகிறது. ஹைப்போதலாமஸ் சுரக்கும் ஒரு தூதுப் பொருள் பிட்யூட்டரியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரியின் ஏசிடிஎச் ஹார்மோன் அட்ரினல் சுரப்பியின் மேற்பட்டையைத் தூண்டுகிறது. அங்கிருந்து கார்ட்டிசோல் வெளிவருகிறது. மின்விசை போட்டதும் எரியும் விளக்கைப் போன்றது அட்ரினலின் என்றால், அடுப்பு மூட்டி உலை கொதிப்பதைப் போன்றது கார்ட்டிசோல். அது உச்சம் தொட இருபது முப்பது நிமிடம் ஆகும். தணிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். செலவழிந்த சர்க்கரையை ஈடுகட்டுவது, வீக்கத்தை அடக்குவது, நடந்ததை நினைவில் பதிப்பது ஆகியவை அதன் பணிகள். கார்ட்டிசோலுக்கு இன்னொரு குணமும் உண்டு. தன் அளவு போதும் என்றானதும் அது மூளைக்கே திரும்பிப்போய்த் தன்னைச் சுரக்கச் சொன்ன கட்டளையை நிறுத்துகிறது. எச்சரிக்கை மணியை அடிக்கும் கையே அதை நிறுத்தவும் செய்கிறது. இந்த நிறுத்தம்தான் இந்தக் கரையின் வரலாற்றைப் படிக்கும்போது முக்கியமாகிறது.

இந்தச் சங்கிலியின் பட்டைப் பகுதியைக் கவனிக்க வைத்தவர் மாண்ட்ரியாலில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே. எலிகளுக்கு எந்த வகைத் துன்பம் கொடுத்தாலும் அட்ரினல் பட்டை பருத்து, நோய் எதிர்ப்புக்குரிய தைமஸ் சுருங்கி, இரைப்பையில் புண் வருவதை அவர் 1936-இல் வெளியிட்டார். சங்கிலியின் முதல் கண்ணியான ஹைப்போதலாமஸ் சுரப்பு, வைலி வேல் குழுவினரால் செம்மறியாட்டு மூளைகளிலிருந்து 1981-இல்தான் அடையாளம் காணப்பட்டது.

மணியை நிறுத்த ஊரும் ஒரு வழி வைத்திருந்தது. அதிர்ந்துபோனவரை உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் அடிப்பது, நாலு மிடறு குடிக்கக் கொடுப்பது, குழந்தையானால் மடியில் கிடத்தி முதுகைத் தடவுவது. மறுநாளும் குழந்தை சாப்பிடாமல் தூக்கத்தில் வீறிட்டால் 'பயந்த கோளாறு' என்பார்கள். வேப்பிலை அடித்துத் திருநீறு பூசுவார்கள். தமிழகக் கடற்கரை ஊர்கள் பலவற்றில் எந்த மதத்துத் தாயானாலும் மாலைத் தொழுகை முடியும் நேரத்தில் குழந்தையோடு பள்ளிவாசல் வாயிலில் நின்று ஓதி ஊதச் சொல்வதும் உண்டு. இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது, ஆனால் அது முழுச் சரியாகாது. முகத்தில் குளிர்ந்த நீர் பட்டால் முகத்தின் உணர்வைக் கொண்டுசெல்லும் முக்கிளை நரம்பின் வழியே செய்தி மூளைத்தண்டுக்குப் போய், வேகஸ் நரம்பு இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது. நீருள் மூழ்கும் உயிர்களுக்கெல்லாம் உள்ள அனிச்சைச் செயல் இது. மூச்சை அடக்கும்போது இன்னும் வலுவாகும். மெல்லத் தடவும் கையும் ஒரே தாளத்தில் கேட்கும் குரலும் பரிவு நரம்புக்கு எதிரணியான எதிர்ப்பரிவு நரம்பு மண்டலத்துக்கு வேலை கொடுக்கின்றன. மந்திரச் சொற்களுக்கு என்ன பலன் என்பது வேறு விவாதம். பயந்தவரைத் தனியே விடாமல், 'அது முடிந்துவிட்டது' என்று ஊரார் முன்னிலையில் அறிவிக்கும் சடங்கு என்ற அளவில் இதற்குத் தெளிவான வேலை இருந்தது.

ஏரியில் ஓயாத அச்சம் ஒன்றை முறைப்படுத்திய ஏற்பாடும் இங்கே உருவானது. அதற்குப் பெயர் பாடு. நல்ல இறால் கிடைக்கும் இடங்கள் ஏரியில் சிலவே. யார் முந்துகிறாரோ அவருக்கே என்று விட்டால் ஒவ்வொரு இரவும் சண்டையில் முடியும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய, பட்டினவர் என்னும் மீனவச் சமூகத்தின் ஊர்கள் சுத்துவலை போடும் இடங்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, முறைவைத்து மாற்றிக்கொண்டன. எவ்வளவு மீன் படும் என்று யாருக்கும் தெரியாது. எங்கே, எந்த நாளில் வலை போடலாம் என்பது தெரியும். இதன் உடலியல் பொருள் பிற்காலத்தில் ஆய்வகத்தில் தெளிவானது. அமெரிக்க ஆய்வாளர் ஜே வைஸ் 1970 வாக்கில் எலிகளைக் கொண்டு செய்த சோதனைகளில், ஒரே அளவு மின்னதிர்ச்சி பெற்றவற்றுள் அது எப்போது வரும் என்று முன்கூட்டி அறிந்த எலிகளுக்கு இரைப்பைப் புண் குறைவாக வந்தது. துன்பத்தின் அளவைவிட அதன் நிச்சயமின்மை உடலை அதிகம் அரிக்கிறது. பாடு அந்த நிச்சயமின்மையில் பாதியைக் கழித்தது. அது எல்லாருக்கும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பாடு உரிமை இல்லாத சமூகத்தவர்கள் நல்ல இடங்களுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். ஏரி தூர்ந்து மீன் குறையக் குறைய அந்த விலக்கு மோதல்களாக வெளிப்பட்டது.

வெளியிலிருந்து வந்த ஆபத்துகளின் கதை நீளமானது. டச்சுக்காரர் 1613-இல் பழவேற்காட்டில் கெல்திரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் 1690 வரை இதுவே. துணி வணிகத்தோடு அடிமை வணிகமும் இந்தத் துறையிலிருந்து நடந்தது. அவர்களின் கல்லறைத் தோட்டத்து வாயிலில் எலும்புக்கூடு உருவங்கள் இன்றும் நிற்கின்றன. கப்பலேற்றப்பட்டவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பெயரும் இல்லை. அவர்கள் உடல்கள் பட்ட அச்சத்தை எந்த ஆவணமும் எழுதி வைக்கவில்லை.

புயல் மட்டும் எல்லா நூற்றாண்டிலும் வந்தது. வாடைக் காற்றின் வேகம், கொண்டல் திரும்பும் விதம், நீரின் நிறம் ஆகியவற்றை வைத்து முதியவர்கள் கடலைப் படித்தார்கள். பிறகு துறைமுகங்களில் எண்ணிட்ட புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியது. வானொலிச் செய்தி வந்தது. முன்னறிவிப்பு உயிர்களைக் காத்தது, அதில் ஐயமில்லை. அதோடு அச்சத்தின் காலக்கணக்கையும் அது மாற்றியது. ஆபத்தை நேரில் காணாமல் நினைத்த அளவிலேயே மனித மூளை கார்ட்டிசோலைச் சுரக்கவைக்கும். முன்பு புயல் வந்த இரவு மட்டும் அடித்த மணி, இப்போது கூண்டு ஏறிய நாளிலிருந்தே அடிக்கத் தொடங்கியது. 1984 நவம்பரில் ஸ்ரீஹரிக்கோட்டா அருகே கரையேறிய புயலும், 2016 டிசம்பர் 12-இல் வந்த வர்தாவும், 2023 டிசம்பரின் மிக்ஜாம் வெள்ளமும் இப்படி முன்கூட்டியே காத்திருக்க வைத்தவை.

அச்சம் பழகிப்போவதற்கும் இங்கே சான்று உண்டு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து முதல் ராக்கெட் 1971 அக்டோபர் 9-இல் ஏவப்பட்டது. கேட்டறியாத ஒரு பேரோசை முதல் தடவை வரும்போது எந்த உடலும் துள்ளும். அதே ஓசை மீண்டும் மீண்டும் வந்து, ஒரு தீங்கும் நேராதபோது அமிக்டலா அதைக் கணக்கிலிருந்து கழித்துவிடுகிறது. கார்ட்டிசோல் எழும்பும் அளவும் குறைகிறது. இன்று ஏவுதல் நாளில் மீனவரை வருத்துவது கடலுக்குப் போகக் கூடாது என்ற தடையும் அன்றைய வருமான இழப்பும்தான்.

பழக முடியாதது 2004 டிசம்பர் 26-இல் வந்தது. இந்திய நேரம் காலை ஆறரை மணி அளவில் சுமத்ரா அருகே 9.1 அளவு நிலநடுக்கம். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் கழித்துத் தமிழகக் கரையில் ஆழிப்பேரலை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வடக்கே திருவள்ளூர்க் கரையில் உயிரிழப்பு ஒப்பீட்டளவில் குறைவு. படகும் வலையும் வீடும் போயின. கடல் என்றால் என்ன என்று தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்த உடல்களுக்கு, அந்த அறிவில் இல்லாத ஒன்று நேர்ந்தது. சிலர் ஓடினார்கள், சிலர் நின்ற இடத்தில் உறைந்தார்கள். உறைதல் கோழைத்தனத்தால் வருவதல்ல. ஓடவும் வழியில்லை, எதிர்க்கவும் வழியில்லை என்று மூளை கணித்தால், பரிவும் எதிர்ப்பரிவும் ஒருசேர முடுக்கப்பட்டு உடல் கல்லாகிறது. பிடித்திருந்த கையை நழுவவிட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் தங்களையே குற்றஞ்சாட்டிக்கொள்ளும் இடம் இது. அந்தப் பழி அவர்களுடையதல்ல என்பதைச் சொல்ல உடலியலுக்கு உரிமை உண்டு.

பலருக்கு அந்தக் காலையின் ஓசையும் நிறமும் அழியாமல் பதிந்தன. முன்பின் வரிசை மட்டும் குழம்பிப்போனது. அட்ரினலின் அமிக்டலாவை முடுக்கும்போது நினைவு ஆழமாக எழுதப்படுகிறது. அதே நேரத்தில் நிகழ்வுகளை வரிசைப்படுத்தும் ஹிப்போகாம்பஸ் மிகையான கார்ட்டிசோலில் தடுமாறுகிறது. அதிர்ச்சி இதயத்தையும் தாக்கும். அட்ரினலின் வெள்ளத்தால் இதயத்தின் இடது கீழறை தற்காலிகமாகப் பலூன்போல் உப்பும் நிலையை ஜப்பானிய மருத்துவர்கள் 1990-இல் விவரித்து 'தகோட்சுபோ' என்று பெயரிட்டார்கள். அது ஜப்பானிய மீனவர்கள் ஆக்டோபஸ் பிடிக்கக் கடலில் இறக்கும் பானையின் பெயர். ஆழிப்பேரலைக்கு இரண்டு மாதம் முன்பு, 2004 அக்டோபரில் நீகாதா நிலநடுக்கத்துக்குப் பின் அந்த நோய் அங்கே கூடியது பதிவாகியுள்ளது.

அலைக்குப் பிந்தைய வாரங்களில் தமிழகக் கரையெங்கும் கடலுக்குப் போகவே அஞ்சினார்கள். மீன் வாங்கவும் ஆளில்லை. பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனமும் சென்னையின் ஸ்கார்ஃப் அமைப்பும் உள்ளூர்த் தன்னார்வலர்களைப் பயிற்றுவித்து மனநல உதவிக்கு அனுப்பின. முதல் சில வாரங்களின் நடுக்கம், தூக்கமின்மை, திடுக்கிடல் ஆகியவை பெரும்பாலோருக்குத் தாமே தணிபவை என்பதும், நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது நன்மை தராது என்பதும் அப்போது மருத்துவ உலகில் ஏற்கப்பட்டு வந்த கருத்துகள். சாப்பாடு, கூரை, சொந்தக்காரர், திரும்பவும் வேலை என்பவையே முதல் மருந்து. நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்தன, கட்டுமரங்கள் குறைந்தன. மீண்டும் கடலுக்குப் போய் ஒன்றும் நேராமல் திரும்பிய ஒவ்வொரு நாளும் அமிக்டலாவுக்கு ஒரு மறுபாடம்.

ஆனால் அச்சம் கற்பித்த முதல் பாடம் முழுதாக அழிவதில்லை. 2012 ஏப்ரல் 11 பிற்பகலில் சுமத்ரா அருகே 8.6 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டு எச்சரிக்கை வந்தபோது, சென்னைக் கரை முழுவதும் மக்கள் மேட்டை நோக்கி விரைந்தார்கள். பேரலை வரவில்லை. ஆனாலும் ஓடிய உடல்களுக்குள் நடந்தது 2004-இல் நடந்த அதே வேலைதான். அதற்கு நாலு மாதம் முன்பு, 2011 டிசம்பர் 25-இல், பழவேற்காட்டில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்திருந்தார்கள். நீர் பழகாதவர் மூழ்கும்போது முதலில் வருவது அடக்க முடியாத மூச்சிழுப்பும் பதற்றமும். அந்தச் சில நொடிகளைக் கடந்து மிதக்கவைக்க உயிர்க்காப்பு உடை உதவும்.

இதுவரை சொன்னவை எல்லாம் தொடக்கமும் முடிவும் உள்ள ஆபத்துகள். உடலின் எச்சரிக்கை மணி அவற்றுக்காக உருவானது: நிமிடங்களில் எழுந்து, மணிக்கணக்கில் அடங்குவது. காட்டுப்பள்ளியின் அண்மை வரலாறு வேறு வகை. 2010-இல் இங்கே நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. கப்பல் கட்டும் தளத்தோடு கூடிய துறைமுகத்துக்காகக் காட்டுப்பள்ளிக் குப்பம் இடம் பெயர்க்கப்பட்டது. துறைமுகம் 2013-இல் செயல்பாட்டுக்கு வந்து, 2018-இல் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. 2017 ஜனவரி 28-இல் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழியில் மீண்டும் எண்ணெய் படர்ந்தது. 330 ஏக்கரில் உள்ள துறைமுகத்தை 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டம், கரை அரிக்கும், ஏரியின் முகத்துவாரம் கெடும் என்ற அச்சத்தை வடக்கே கடைசிக் குப்பம் வரை கொண்டுபோயிருக்கிறது.

இத்தகைய அச்சத்தில் அலை எழுவதும் இல்லை, அடங்குவதும் இல்லை. நீடித்த கவலையில் கார்ட்டிசோல் தன்னைத்தானே நிறுத்தும் ஏற்பாடு மழுங்குகிறது. ரத்த அழுத்தம் ஏறியபடி நிற்கிறது, சர்க்கரை கட்டுப்பாடு குலைகிறது, தூக்கம் குறைகிறது, தொற்றை எதிர்க்கும் வலு தளர்கிறது. ஓயாத தயார்நிலைக்கு உடல் கொடுக்கும் இந்த விலையை 1993-இல் புரூஸ் மெக்யூவன் ஒரு சுமையாக விளக்கினார். முகத்தில் அடிக்கும் தண்ணீரும் வேப்பிலையும் இந்த அச்சத்துக்கு எட்டா. ஏனெனில் 'அது முடிந்துவிட்டது' என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஒரு முடிவும் ஒரு தேதியும் தெரிவது இந்தக் குப்பங்களுக்கு உடல்நலத் தேவை. திட்டங்களை ஆராய்வோர் அதை அப்படித்தான் கணக்கில் சேர்க்க வேண்டும்.

விரிவாக்கம் குறித்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரி 22-ஆம் தேதிக்கு அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. மறுபடியும் 2023 செப்டம்பர் 5-ஆம் தேதிக்கு அறிவிக்கப்பட்டது, அதுவும் தள்ளிவைக்கப்பட்டது.